இரண்டு லட்சம் ரூபாயும் ஒரு சின்னக் காரும்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் பாடசாலை ஆசிரியை. 2014ஆம் ஆண்டின் ஆல்டோ 800 கார் ஒன்றைக் கைமாற்றாக வாங்கி எட்டு மாதம் ஆகிறது. 78,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. சீட்டுக் காசு இரண்டு லட்சம் ரூபாய் கைக்கு வந்திருப்பதால் காரைக் கொஞ்சம் மாற்றலாம் என்று நினைக்கிறோம். 14 அங்குல அலோய் சில்லு, கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், சத்தமான சைலன்சர் எல்லாம் போட்டு, காரை ஓர் அங்குலம் தாழ்த்தவும் வேண்டும் என்கிறான் தம்பி. கணவர் பெரிய திரையுள்ள செட், எல்.இ.டி. விளக்கு, கூரைக் கரியர் என்கிறார். எனக்கு ஏ.சி. ஒழுங்காகக் குளிர்ந்தால் போதும். வருடத்துக்கு இரண்டு முறை யாழ்ப்பாணம், ஒரு முறை நுவரெலியா போவோம். மாமி முன் ஆசனத்தில் இருப்பார், மூன்று வயது மகன் அவர் மடியில். காரில் ஏர்பேக் இல்லை. எது பிரயோசனம், எது வீண் என்று சொல்வீர்களா?

பதில்: தங்கச்சி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். மகன், அப்பம்மாவின் மடியில், முன் ஆசனத்தில், ஏர்பேக் இல்லாத காரில். மற்ற எல்லாத் திருத்தத்துக்கும் முன்னால் இதைத் திருத்த வேண்டும்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கார் மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருப்பவருக்கு அது ஏறத்தாழ பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்றாம் மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் 15 கிலோ பிள்ளை 200 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையோடு முன்னால் பாயும். மாமியின் கை எவ்வளவு பாசமான கையாக இருந்தாலும் 200 கிலோவைப் பிடிக்காது. மாமி ஆசனப்பட்டி போட்டிருந்தால் பிள்ளை மட்டும் பறக்கும். போடாவிட்டால் மாமியின் முழுப் பாரமும் பிள்ளையின் முதுகில் வந்து விழும். 2014 ஜனவரியில், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கெப் அமைப்பு, ஏர்பேக் இல்லாத இந்திய ஆல்டோ 800ஐ 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதிப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அதற்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. பயமுறுத்தவில்லை. இந்தக் காரை விற்றுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. அதற்கு இருக்கும் ஒரே காவல் ஆசனப்பட்டிதான், அதை முழுதாகப் பயன்படுத்துங்கள் என்கிறேன்.

ஆகவே முதல் செலவு குழந்தைக்கான இருக்கை. பின் ஆசனத்தின் பட்டிகள் எங்கே என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். கைமாறி வந்த கார்களில் பாதிக்கு மேல் அவை சீற் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கவர் தைத்தவருக்கு அது வெறும் இடைஞ்சல். கண்டெடுத்த பட்டி இடுப்பை மட்டும் சுற்றுகிறதா, தோளையும் குறுக்கே பிடிக்கிறதா என்று கவனியுங்கள். அந்த வகைப் பட்டியால் இறுக்கிக் கட்டக்கூடிய இருக்கையைத்தான் வாங்க வேண்டும். கடைக்குக் காரோடு போங்கள். கட்டிப் பார்த்து, இருக்கையைப் பிடித்து உலுக்குங்கள். பக்கவாட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். மகன் முதல் வாரம் அழுவான். மாமியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இரண்டும் ஓயும்.

இனித் தம்பி, கணவர், நீங்கள் என்று வரிசையாக வருவதாகத்தான் இருந்தேன். ஆனால் மூன்று பேருமே கேட்காத ஒன்று இருக்கிறது. பத்து வருடம் தாண்டிய கார், தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி ஓடியதோ அப்படி இப்போது ஓடுகிறதா? என் கராஜுக்கு "இதைப் போடுங்கள், அதைப் போடுங்கள்" என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தக் கார் நல்ல நிலையில் எப்படி ஓடும் என்று அறிந்ததே இல்லை. தேய்ந்த ஆல்டோவை ஓட்டிவிட்டு, ஆல்டோ இப்படித்தான் என்று நினைக்கிறார்கள். 796 சி.சி., மூன்று சிலிண்டர், 47 குதிரைவலு; கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கார் ஏறத்தாழ 700 கிலோதான். அதன் கெட்டித்தனம் முழுவதும் அந்த இலேசில் இருக்கிறது. நீங்கள் மாட்டும் ஒவ்வொரு பொருளும் அந்த இலேசிலிருந்துதான் கடன் வாங்குகிறது.

ரயரில் தொடங்குங்கள். காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ரயரின் பக்கச் சுவரை வாசியுங்கள். 145/80 ஆர் 12 என்று இருக்கும். 145 மில்லிமீற்றர் அகலம், அதில் 80 சதவீதம் சுவரின் உயரம், 12 அங்குல றிம். இன்னும் கொஞ்சம் சுற்றித் தேடினால் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் தென்படும். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த ரயர். தவாளிப்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது கிழடு. இறப்பர் இறுகிவிட்டால் மழை நாளில் காலி வீதியில் அது சவர்க்காரத் துண்டு மாதிரித்தான். கைமாற்றுக் கார் விற்பவர்கள் ரயருக்குக் கறுப்பு மெருகு பூசி நிறுத்துவார்கள். இலக்கத்தை யாரும் அழிப்பதில்லை. தவாளிப்புக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், அவை 1.6 மில்லிமீற்றர். ரயர் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். ஸ்பெயார் சில்லின் இலக்கத்தையும் பாருங்கள். அதைப் பார்க்கும்போதுதான் எல்லோருக்கும் வாய் பிளக்கும்.

இப்போது தம்பியின் 14 அங்குலம். நூறு பேருக்குச் சொல்லி அலுத்த கணக்கு, நூற்றியோராவது முறையாகச் சொல்கிறேன். உங்கள் ரயரின் முழு விட்டம் 537 மில்லிமீற்றர். 14 அங்குல றிம்முக்கு 155/65 ரயர் போட்டால் 557. இருபது மில்லிமீற்றர்தானே என்பான். அந்த இருபது, எல்லாக் கியரையும் கிட்டத்தட்ட 4 சதவீதம் கனமாக்கிவிடும். வேகமானி 70 காட்டும்போது உண்மையில் 73இல் போவீர்கள். நாலு பேரோடு, நுவரெலியா வழியிலுள்ள ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் போக வேண்டிய இடத்தில் முதலாம் கியரைத் தேட வேண்டி வரும். சில்லும் ரயரும் பாரம் கூடினால் ஒவ்வொரு குழியும் முதுகில் எழுதும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த பாடம் அல்ல. தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் பழைய 800 சி.சி. கார் ஒன்று இருந்தது. அகலமான சில்லு நாலு வாங்கி நானே பூட்டினேன். தனியாக ஓட்டும்வரை ராசாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆமர் வீதிச் சந்தியில் திரும்பினேன். 'கிரீச்' என்று ஒரு சத்தம், அடுத்து இறப்பர் கருகிய மணம். பாரத்தில் கார் தாழ்ந்ததும் ரயர் மட்காட்டின் உள் விளிம்பில் உரசியிருக்கிறது. அம்மா கதவைத் திறந்து இறங்கி, பஸ்ஸில் வருகிறேன் என்று நடந்தே போய்விட்டார். அடுத்த வாரம் அந்தச் சில்லுகளை வாங்கிய விலையில் பாதிக்கு விற்றேன்.

அலோய் வேண்டவே வேண்டாம் என்று சொல்கிற கிழவன் அல்ல நான். ஆல்டோ கே10 கம்பனியிலிருந்தே 155/65 ஆர் 13 ரயரோடு வருகிறது. அதன் விட்டம் 532, உங்களுடையதோடு ஒத்துப்போகும். இப்போதைய ரயர்கள் எப்படியும் மாற்ற வேண்டிய வயதில் இருந்தால், பாரம் குறைந்த 13 அங்குல றிம்மோடு சேர்த்து மாற்றலாம். பிடிமானம் கொஞ்சம் கூடும், தம்பியின் கண்ணும் குளிரும். றிம் வெளியே துருத்திக்கொண்டு நிற்காதபடி அதன் ஆழம் பொருந்த வேண்டும். சில்லுக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற தட்டு வைத்துச் சரிக்கட்டலாம் என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

காரைத் தாழ்த்தும் யோசனைக்கு ஒரு வரி போதும்: ஆளில்லாத நிலையில் தரைக்கும் காருக்கும் இடையே 160 மில்லிமீற்றர், ஐந்து பேர் ஏறிப் பெட்டியும் வைத்தால் அதில் மிஞ்சுவதை வைத்துக்கொண்டுதான் உங்கள் ஒழுங்கையின் வேகத்தடையையும் கொழும்பின் மழை வெள்ளத்தையும் தாண்ட வேண்டும்.

கூம்பு ஃபில்டர் சுவாரசியமான விஷயம், ஏனென்றால் அதைப் போட்டவர்கள் எல்லோரும் கார் பறக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். ஏமாறுவது காது. அடைப்புப் பெட்டி இல்லாததால் இயந்திரம் காற்றை உறிஞ்சும் இரைச்சல் நேரே உள்ளே கேட்கிறது. இரைச்சல் கூடினால் வேகம் கூடியதாக மூளை எழுதிக்கொள்கிறது. உங்கள் இயந்திரம் 6,000 சுற்றில் முக்கி முனகினாலும் நிமிடத்துக்கு 2,400 லீற்றர் அளவு காற்றுத்தான் கேட்கும். சுத்தமான சாதாரண ஃபில்டர் அதைத் தாராளமாகக் கொடுக்கும். கம்பனி ஃபில்டருக்கான குழாய் வெளியிலிருந்து காற்றை எடுக்கிறது, கூம்பு பொனெட்டுக்குள் கொதிக்கும் காற்றை எடுக்கிறது. வெளியே 30 பாகை, உள்ளே 60 பாகை என்றால் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைவு. காசு கொடுத்து வலுவைக் குறைத்துக்கொள்கிற வேலை. சத்தமான சைலன்சரும் இதற்கு அண்ணன்தான். அதோடு புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிற்றிக் கொன்வேர்ட்டரையும் கழற்றிவிட்டால் அடுத்த புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. 95 ஒக்டேன் பெற்றோலை நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்லித் தருவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் சாதாரண பெற்றோல் 91 ஒக்டேன், இந்தக் கார் அதைக் குடித்து வளர்ந்தது. இங்கே 92 போதும்.

அந்தக் காசில் பிரேக்கைப் பாருங்கள். பிரேக் ஒயில் எப்போது மாற்றியது என்று பழைய உரிமையாளரிடம் கேட்டால், "அதை மாற்றுவதா?" என்பார். அந்த ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கடற்கரையோரத்தில் சொல்லவே வேண்டாம். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகைவரை இறங்கிவிடும். நுவரெலியாவிலிருந்து நானுஓயா, தலவாக்கலை என்று பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் முன் சில்லு எளிதில் அந்தச் சூட்டைத் தொடும். ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒயிலை மாற்றுங்கள், முன் பாட்களையும் பின் டிரம்மையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், இறக்கத்தில் இரண்டாம் கியரில் வாருங்கள். கடைசியாகச் சொன்னதற்குச் செலவே இல்லை.

அடுத்து புஷ், அதாவது சில்லைத் தாங்கும் மூட்டுகளில் இருக்கும் இறப்பர். 78,000 கிலோமீற்றர் என்றால் முன் லோவர் ஆர்ம் புஷ்களும் ஸ்ட்ரட்டின் மேல் இறப்பரும் பெரும்பாலும் முடிந்திருக்கும். குழியில் விழும்போது 'டொக்' என்று கேட்பதும், 60க்கு மேல் ஸ்டியரிங் அங்குமிங்கும் மேய்வதும் அதனால்தான். இவற்றை மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் செய்தால் வேறு கார் மாதிரி இருக்கும். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய புஷ்ஷைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். வாயால் சொன்னால் மூன்று கடையில் மூன்று விதமானது தருவார்கள். எது 'ஜெனுயின்' என்று கேட்காதீர்கள், எல்லாமே அங்கே ஜெனுயின்தான். எதற்கு எத்தனை மாதம் பொறுப்பு, பில்லில் எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் நான் எழுதவில்லை.

கணவரின் பட்டியலில் ஒன்றுக்கு நான் முழுச் சம்மதம்: திரை. செட்டுக்காக அல்ல, பின்னால் பார்க்கும் கமெராவோடு வருவதானால். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பின்னுக்கு எடுக்கும்போது மூன்று வயதுப் பிள்ளையின் தலை பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும். பூட்டுகிறவர் காரின் வயர்களை வெட்டித் திருகி டேப் சுற்றுகிறாரா, பொருந்தும் சொக்கெட் வைத்து ஃபியூஸோடு இணைக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வெட்டுகிற பாஸிடம் காரை விட வேண்டாம். காலையில் பற்றரி இறங்கிப்போன கார்கள் பலவற்றில் நான் கண்டது டேப் சுற்றிய இந்த முடிச்சைத்தான்.

கரியர் பயண நாளுக்கு மட்டும். கூரையில் பாரம் ஏறினால் வளைவில் கார் சாயும், காற்றை எதிர்த்து பெற்றோல் குடிக்கும். யாழ்ப்பாணம் ஒரு வழி 400 கிலோமீற்றர். யாரிடமாவது இரவல் வாங்கிப் பூட்டி, திரும்பி வந்ததும் கழற்றுங்கள். போகும் வழியில் மட்டும் பாரம் என்றால் சரி, வரும் வழியில் பனங்கிழங்கும் மாம்பழமும் ஏறும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

விளக்கில் அவர் நினைப்பது நியாயம், மருந்துதான் பிழை. ஹலோஜன் பல்புக்காகச் செய்த கிண்ணத்துக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளி புறப்படும் புள்ளி மாறிவிடும். உங்களுக்கு முன்னால் வெள்ளையாகப் பளிச்சிடும், தூரம் தெரியாது, எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் இரவில் மாடு படுத்திருப்பது அந்தத் தெரியாத தூரத்தில்தான். பழைய கார்களில் ஹெட்லைட் மங்குவதற்குப் பாதிக் காரணம் வயர். மின்சாரம் சுவிட்ச் வழியாகச் சுற்றி வருவதற்குள் ஒரு வோல்ற் வழியில் தொலைந்தால், வெளிச்சத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விடும். பற்றரியிலிருந்து நேரே தடித்த வயரும், சுவிட்சுக்குப் பதிலாக மின்சாரத்தைத் திறந்து மூடும் இரண்டு றிலேயும் வைத்து, அதே 60/55 வொட் பல்பை எரித்துப் பாருங்கள். 100 வொட் பல்ப் போட்டால் ஹோல்டர் உருகும்.

உங்கள் ஏ.சி.க்கு வருகிறேன். கேஸ் போதாது, நிரப்பித் தருகிறேன் என்று சொல்வதுதான் எல்லோருக்கும் எளிது. கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது. அதற்கும் முன்னால் ரேடியேற்றருக்கு முன் இருந்து ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரைப் பாருங்கள். கடல் உப்பும் தூசும் சேர்ந்து அதன் தகடுகளை அடைத்திருக்கும். மென்மையான நீர்த்தாரையால் கழுவி, ஏ.சி. போட்டதும் அதன் விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தாலே பல கார்கள் குளிர்ந்துவிடும். ஜன்னல்களுக்கு வெப்பத்தைத் தடுக்கும் வெளிர்நிறத் தாள் ஒட்டலாம். உள்ளே இருப்பவர் யார் என்று தெரியாத கறுப்புத் தாள் ஒட்டினால் பொலிஸார் நிறுத்துவார்கள், மழை இரவில் உங்களுக்கும் எதுவும் தெரியாது.

கடலுக்கு அவ்வளவு கிட்டக் குடியிருப்பதால் துருவையும் பாருங்கள். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும், ஓர் ஈர்க்கால் குத்தித் திறந்துவிடுங்கள். கால்மிதியைத் தூக்கித் தரையில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். துருவுக்கு மேல் தார் பூசுவது புண்ணை மூடிக் கட்டுவது. முதலில் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். டாஷ்போர்டில் பிள்ளையார் இருந்தால் அவர் அப்படியே இருக்கட்டும், அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைப் பெட்டியில் போட்டு வையுங்கள். 2020 மார்ச்சிலிருந்து ஏறத்தாழ ஐந்து வருடம் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய கார்கள் நல்ல விலைக்குப் போயின. அப்போதும் கம்பனி விட்டபடியே இருந்த காரைத்தான் ஆட்கள் தேடிப் பிடித்தார்கள். சில்லின் அளவை மாற்றினால் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

இரண்டு லட்சத்தில் குழந்தை இருக்கை, ரயர், பிரேக், புஷ் ஆகியவற்றுக்குப் பெரும்பங்கு போய்விடும். மிஞ்சியதில் ஏ.சி.யும் கமெராவும். தம்பிக்கு ஒன்றும் இல்லையே என்று அவன் முகம் வாடும். அவனிடம் ஹெட்லைட் கண்ணாடிகளை ஒப்படையுங்கள். பத்து வருட வெயிலில் அவை மஞ்சளித்திருக்கும். 1000, 2000, 3000 இலக்கத் தண்ணீர்த் தாள் (நனைத்துத் தேய்க்கும் மணல் தாள்), மெருகு பேஸ்ட், வெயிலைத் தாங்கும் மேற்பூச்சு, இவ்வளவுதான் சாமான். சுற்றிலும் உள்ள பெயின்ற்றில் டேப் ஒட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முதல் தாளில் கண்ணாடி முன்பைவிட மோசமாக, பால் போல வெளுத்துவிடும். கெடுத்துவிட்டேன் என்று பயந்து நடுவில் நிறுத்த வேண்டாம், 3000 தாள் முடிந்து பேஸ்ட் போடும்போதுதான் தெளியும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மேற்பூச்சை மறந்தால் ஆறு மாதத்தில் திரும்பவும் மஞ்சள்.